பழுதறிதல் யாருடைய பணி?

இலங்கையில் க. பொ. த. உயர்தரக் கலைப்பிரிவு மாணவர் தெரிவு செய்யத்தக்க பாடங்களுள் அளவையியலும் விஞ்ஞானமுறையும் ஒன்றாகும். ஜோன் ஸ்ருவட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூலில் வகுத்துரைத்த ஐந்து முறைகள் அப்பாடத்திலே தமிழில் கற்பிக்கப்படுகின்றன. ஒற்றுமை முறை, வேற்றுமை முறை, இவ்விரண்டும் இணைந்த முறை, எச்ச முறை, உடனிகழ் மாறல் முறை என மாணவர் அவற்றை வரிசை பிறழாது ஒப்புவிப்பர், உதாரணமும் காட்டுவர், பரீட்சையிற் புள்ளியும் பெறுவர். அதே மாணவர் பல்கலைக்கழகத்திற் காலடி வைத்தபின், மேசைமேலுள்ள பழைய கணினி வலையமைப்போடு இணைய மறுத்தால், ஒரே வசனத்திற் காரியத்தை முடித்துவிடுவர்: "இது பழுது, ஆள் வந்துதான் பார்க்க வேண்டும்." ஐந்து முறைகளுள் ஒன்றேனும் அக்கணத்தில் அவர் நினைவுக்கு வருவதில்லை. கற்ற அளவையியலுக்கும் கண்முன் கிடக்கும் பழுதுக்கும் தொடர்புண்டு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை என்பதே இதன் பொருள்.

இது சிறு விடயமன்று. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர்க் கொக்கட்டிச்சோலைப் பகுதியாரின் போக்குவரத்து இலகுவாயிற்று என்பது உண்மையே. ஆயினும் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே துறைவழிப் பயணத்தை நெடுங்காலமாய் நம்பி வாழ்ந்த மக்களுக்கு, ஒரு கணினியைத் திருத்துவதற்காகப் பட்டினத்துக்குக் கொண்டுசெல்வது என்பது ஒரு நாட்கூலியையும் ஒரு நாட்பொழுதையும் இழப்பதாகும். பட்டினத்திலே திருத்துவோர் "கொழும்பிலிருந்து அட்டை வரவேண்டும்" என்பர். அட்டை வரும்வரை அறை பூட்டப்படும். பூட்டிய அறை ஒரு தவணை முழுவதும் பூட்டியே கிடக்கும். இவ்வாறு பூட்டிய கணினி அறையைக் கண்டிராத கிராமப்புற மாணவர் மிகச் சிலரே. உள்ளே கிடக்கும் பழுதோ, பெரும்பாலும், ஒரு மணிநேரச் சிந்தனைக்கு மேல் வேண்டாத பழுது.

பழைய பொறியும் திறந்த முறைமையும்

பழைய கணினிகளைப் பற்றிப் பேசுவது காலங்கடந்த பேச்சு என்று கருதுவோர் அண்மை நிகழ்ச்சிகள் இரண்டை நோக்குதல் தகும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதமளவில் அது 350ஐக் கடந்தது. இறக்குமதியாகும் ஒவ்வோர் உதிரிப்பாகமும் அதற்கேற்ப விலையேறியது. புதியது வாங்குவதே தீர்வு என்ற போதனை அன்றே பொருளற்றதாயிற்று. இரண்டாவதாக, 2025 ஒக்டோபர் 14இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் விண்டோஸ் 10 முறைமைக்கான வழமையான ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பு வேண்டும் பாதுகாப்புச் சில்லு இல்லாத காரணத்தால், நன்கு இயங்கும் கணினிகள் பல ஒரே நாளில் 'பழையவை' ஆகிவிட்டன. அவற்றுக்கு இனி எஞ்சியிருக்கும் நேர்மையான வழிகளுள் முதன்மையானது யுனிக்ஸ் மரபில் வந்த திறந்த முறைமைகளே.

யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. அம்மரபைப் பின்பற்றி 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் கேர்னலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. நெற்பீஎஸ்டி, ஃபிரீபீஎஸ்டி ஆகியன 1993இல் தோன்றின. இவற்றின் சிறப்பு இலவசம் என்பதன்று. பழுதை மறைக்காமையே இவற்றின் தலையாய பண்பாகும். ஏனைய பல முறைமைகள் பழுது நேர்ந்தவிடத்து "நிருவாகியைத் தொடர்புகொள்க" என்று கதவடைக்கின்றன. யுனிக்ஸ் மரபு முறைமைகளோ தாம் கண்டதை ஒரு குறிப்பேட்டில் வரிவரியாய் எழுதி வைக்கின்றன. கேட்பவர் எவராயினும் அக்குறிப்பேடு அவருக்குத் திறந்தே இருக்கின்றது.

இத்திறந்த தன்மை தற்செயலாய் வந்ததன்று. 1980ஆம் ஆண்டையொட்டி எம்ஐரி செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே ஓர் அச்சுப்பொறி அடிக்கடி தாள் சிக்கி நின்றது. அதனைத் திருத்துவதற்கு வேண்டிய மூலநிரல் றிச்சாட் ஸ்ரோல்மனுக்கு மறுக்கப்பட்டது. பழுது கண்முன் இருக்க, அதனைத் திருத்தும் அறிவு பூட்டி வைக்கப்பட்டிருந்தமை அவரை வருத்தியது. 1983இல் அவர் க்னூ இயக்கத்தை அறிவித்தமைக்கு அவ்வருத்தமும் ஒரு காரணம். வலையட்டைகளின் வரலாறும் இத்தகையதே. உற்பத்தியாளர் பலர் லினக்ஸுக்கான செலுத்திகளை எழுத முன்வராத 1990களில், டொனால்ட் பெக்கர் போன்றோர் அட்டை அட்டையாக ஆராய்ந்து செலுத்திகளை எழுதினர். இன்று ஒரு பழைய அட்டை லினக்ஸில் உயிர்பெறுகின்றதெனில், பழுதறிதலை இழிதொழிலாகக் கருதாத மனிதர் சிலர் வாழ்ந்திருந்தனர் என்பதே அதன் பொருள்.

வேற்றுமை முறை மேசைக்கு வரும்போது

வலையட்டையின் பழுதை அறிவது எவ்வாறு என்பதை அளவையியல் கற்ற மாணவருக்கு விளக்குதல் கடினமன்று. 1973இல் சிரொக்ஸ் ஆய்வுகூடத்தில் றொபேட் மெற்காஃப், டேவிட் பொக்ஸ் ஆகியோர் உருவாக்கிய ஈதர்நெற் முறையின் வழிவந்த எந்த வலையமைப்பும் படிகளால் அமைந்தது. வடம், அட்டை, செலுத்தி, முகவரி, வழி, பெயர் என்பன அப்படிகள். கீழ்ப்படி சரியின்றி மேற்படி சரியாக இருத்தல் இயலாது. ஆகவே கீழிருந்து மேலாகச் சோதிப்பதே முறையாகும். மாணவர் பெரும்பாலோர் உலாவியில் இணையப்பக்கம் வரவில்லை என்பதைக் கண்டு மேலிருந்து தொடங்கி, அங்கேயே நின்றும் விடுகின்றனர்.

முதலிற் கண்ணுக்குப் புலப்படுவது அட்டையின் வாயிலில் எரியும் சிறு விளக்கு. அது எரியவில்லையெனில் வடமோ, அட்டையோ, மறுமுனையிலுள்ள சுவிச்சின் வாயிலோ பழுதாகும். இங்கு வேற்றுமை முறை வேண்டப்படுகின்றது. ஏனையவற்றை மாற்றாது வடத்தை மட்டும் மாற்றுக. விளக்கு எரிந்தால் வடமே காரணம். எரியாவிடின் வடத்தை மீண்டும் வைத்து, சுவிச்சின் வாயிலை மட்டும் மாற்றுக. ஒரே நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் என்ற விதியே வேற்றுமை முறையின் உயிர். வடத்தையும் அட்டையையும் ஒருங்கே மாற்றி விளக்கை எரியச் செய்தவர் கணினியைத் திருத்தினாரேயன்றிப் பழுதை அறிந்தாரல்லர். நல்ல வடத்தை அவர் குப்பையில் எறிந்திருக்கவும் கூடும்.

பத்துக் கணினிகளுள்ள அறையிலே நான்கு மட்டும் இணையவில்லை. அந்நான்கும் ஒரே சுவிச்சோடு பிணைக்கப்பட்டுள்ளன. அங்கு நான்கு அட்டைகள் ஒரே நாளிற் பழுதாயின என்று கொள்வதிலும், பொதுவான அந்த ஒன்றே பழுது என்று கொள்வது பொருத்தமாகும். இது ஒற்றுமை முறை. இடிமின்னலுக்குப் பின்னரே இவ்வாறு நேர்ந்ததெனில் ஐயம் மேலும் வலுப்பெறும். கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுக்கப்பட்ட நீண்ட செப்பு வடங்கள் மின்னலின் தாக்கத்தை உள்ளே கொண்டுவருவன. பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் மாலை இடிமழை பெய்யும் கீழைக் கரையிலே இது கருத்திற் கொள்ளத்தக்கது.

விளக்கு எரிகின்றது, ஆயினும் தொடர்பில்லை. அப்போது எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளை தாய்ப்பலகையிற் செருகப்பட்ட அட்டைகளின் பட்டியலைத் தரும். வலையட்டையின் பெயர் அப்பட்டியலில் இல்லையெனின் அட்டை செருகுதுளையிற் சரியாக அமரவில்லை, அல்லது அதன் தொடுமுனைகளில் மாசு படிந்துள்ளது என ஐயுறலாம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தில் உவர்க்காற்றும் ஈரமும் தொடுமுனைகளை அரிப்பது இயல்பு. மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்து, அட்டையைக் கழற்றி, பாடசாலைப் பிள்ளை பயன்படுத்தும் அழிறப்பரால் அம்முனைகளை மெல்லத் தேய்த்து, துகளை நீக்கி, மீளச் செருகினாலே உயிர்பெறும் அட்டைகள் பல.

பட்டியலிற் பெயர் உண்டு, எனினும் இயங்கவில்லை. அவ்விடத்து டிமெசெக் என்னும் கட்டளை கேர்னலின் குறிப்பேட்டைக் காட்டும். அட்டைக்குரிய செலுத்தி அதனை இனங்கண்டதா, எந்த இடையீட்டு எண்ணை வழங்கியது என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். மிகப் பழைய ஐஎஸ்ஏ வகை அட்டைகளில் இவ்வெண் அட்டையின் மேலுள்ள சிறு இணைப்பூசிகளால் தீர்மானிக்கப்பட்டது. இரண்டு அட்டைகள் ஒரே எண்ணுக்குப் போட்டியிட்டால் இரண்டும் நிலைகுலையும். கேர்னல் "அனுப்பும் காலம் கடந்தது" என்ற கருத்துப்பட ஒரு காவல்நாய் எச்சரிக்கையை மீண்டும் மீண்டும் எழுதுமாயின், அட்டை பொதியை ஏற்றுக்கொண்டும் அனுப்பி முடித்தேன் என்று உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என்பதே அதன் பொருள். இடையீட்டு எண்ணில் ஏற்பட்ட குழப்பம் அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

அனுமானத்தில் வழுக்குமிடங்களும் உள. பிங் என்னும் கட்டளையால் 127.0.0.1 என்ற முகவரியைக் கூவி விடை வந்தவுடன் "அட்டை நன்றாக இருக்கின்றது" என்று முடிபு கட்டுவோர் பலர். அது பிழையான முடிபு. அம்முகவரி கணினி தன்னைத்தானே கூவும் முகவரி. அக்கூவல் அட்டையைத் தொடுவதேயில்லை. அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்த பின்னரும் விடை வரும். லினக்ஸிலே கணினியின் சொந்த ஐபி முகவரியைக் கூவினாலும் நிலைமை அதுவே. நுழைவாயிலின் முகவரியைக் கூவி விடை பெற்ற பின்னரே அட்டைக்கும் வடத்துக்கும் நற்சான்று வழங்கலாம். அதன்பின் தொலைவிலுள்ள ஓர் எண்முகவரி. அதன்பின் ஒரு பெயர். எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வராவிடின் பழுது அட்டையிலன்று, பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாட்டிலேயே உள்ளது. இது எச்ச முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: சரியெனக் கண்டவற்றைக் கழிக்க, எஞ்சியதிலே காரணம் நிற்கும்.

வேறொரு நிலை: பிங் விடை தருகின்றது, சிறு கோப்பு வருகின்றது, பெரிய கோப்பை இழுத்தால் வேகம் நத்தையாகின்றது. இஃப்கொன்ஃபிக் காட்டும் வழுக்கணக்கு, சுமை ஏற ஏறத் தானும் ஏறுகின்றது. ஒன்று மாற அதனோடு மற்றொன்றும் மாறுவதைக் கொண்டு காரணத்தை ஊகிப்பது உடனிகழ் மாறல் முறை. ஒரு முனை இருவழி ஒருங்கே பேசுமாறு கட்டாயப்படுத்தப்பட்டிருக்க, மறுமுனை தானாகத் தீர்மானிக்க விடப்பட்டிருப்பின், அம்மறுமுனை ஒருவழி மாறி ஒருவழி பேசும் நிலைக்கு இறங்கிவிடும். ஆள் குறைந்த வேளையில் இவ்வேறுபாடு புலப்படாது, நெரிசலிலேயே புலப்படும். அட்டையை மாற்றுவதால் இது தீரும் என்பதற்கு உறுதியில்லை; அமைப்பைப் பொருத்தினால் ஒரு சதமும் செலவின்றித் தீரும்.

புதிய அட்டையை வாங்கிச் செருகியும் பயனில்லை என்று கைவிடப்பட்ட கணினிகளின் கதை இன்னும் பரிதாபமானது. 2013க்கு முற்பட்ட லினக்ஸ் வழங்கல்கள் பல, முதலிற் கண்ட அட்டையின் வன்பொருள் முகவரியை ஒரு கோப்பிற் பதிந்து, ஈத்0 என்ற பெயரை அதற்கே ஒதுக்கி வைத்தன. அட்டையை மாற்றினால் புதியது ஈத்1 எனப் பெயர்பெறும். அமைப்புக் கோப்போ ஈத்0 வரும் என்று வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும். புதிய அட்டை முற்றிலும் நலமாயிருந்தும் வலையமைப்பு எழாது. பார்ப்பவர் "அட்டையும் மாற்றியாயிற்று, எனவே தாய்ப்பலகைதான் போயிற்று" என்பார். ஒன்றை மட்டும் மாற்றியதாக அவர் நம்பினார். அவரறியாமல் பெயரும் மாறிற்று. வேற்றுமை முறையின் விதி மீறப்பட்டது அவருக்குத் தெரியவில்லை. அக்கோப்பில் ஒரு வரியை நீக்கினால் உயிர்த்திருக்கக்கூடிய கணினி, களஞ்சிய அறைக்குப் போயிற்று.

தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவப் பற்றறி செத்துப்போனாலும் 'வலையமைப்புப் பழுது' போன்ற தோற்றம் எழும். கணினியின் கடிகாரம் பல்லாண்டு பின்சென்றுவிடும். பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறவாதனவாய் அதற்குத் தோன்றும். உலாவி அவற்றைத் திறக்க மறுக்கும். விளக்கு எரியும், நுழைவாயில் விடை தரும், பெயரும் எண்ணாக மாறும். பக்கம் மட்டும் வராது. திகதியைப் பார்க்க வேண்டுமென்று தோன்றாதவர் அட்டையையும் வடத்தையும் குறைகூறிக்கொண்டிருப்பார்.

மறுப்புகளும் விடைகளும்

இவற்றையெல்லாம் கலைப்பீடத்தார் ஏன் அறியவேண்டும் என்பது முதலாவது மறுப்பு. பட்டம் பெற வந்தவரைத் திருத்துநராக்குவதா என்று இதனை எழுப்புவோர் வினவுவர். இவ்வினாவின் உள்ளே உறைவது அறிவன்று. கைவினையை இழித்து நோக்கும் பழைய சமூகப் பெருமிதமே அது. தமிழ்த்துறையின் தலைசிறந்த பணிகளுட் சில பழுதறியும் பணிகளே என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது செய்தது யாது? பிரதிக்குப் பிரதி வேறுபடும் இடத்தைக் கண்டு, பிழை எங்கே புகுந்தது என்று காரணந் தேடினார். ஏட்டிற் பாடபேதம் ஆராய்பவனுக்கும் வடத்தில் வழு ஆராய்பவனுக்கும் முறை ஒன்றே, பொருளே வேறு. சைவ சித்தாந்தம் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளும் இங்கு அப்படியே பொருந்தும். விளக்கைப் பார்ப்பது காண்டல். நுழைவாயில் விடை தந்தமையால் அட்டை நலமெனக் கொள்வது கருதல். செலுத்தியை எழுதியவரின் குறிப்பை நம்புவது உரை. இவை மூன்றையும் வகுப்பறையிற் படித்துவிட்டு மேசைக்கு வந்ததும் மறப்பவர் அளவையியலைக் கற்றாரல்லர், மனனஞ் செய்தார்.

ஆங்கிலம் அறியாதவனுக்கு இத்துறை எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. ஆங்கிலம் கற்கவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ஒரு மொழியைக் கற்று முடிக்கும்வரை காரணந் தேடும் உரிமையை ஒத்திவைக்க வேண்டும் என்பது அடிமைத்தனத்துக்கு இடப்பட்ட அழகிய பெயரேயாகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுவை மருத்துவத்தைத் தாங்கிய மொழி ஓர் அட்டையின் பழுதைத் தாங்காது என்பது நகைப்புக்குரியது.

மூன்றாவது மறுப்பு தமிழ்ப்பற்றாளரிடமிருந்து வருவது. ஆதலால் அது சற்று விரிவாக ஆராயற்பாலது. முதலிற் கலைச்சொற்கள் முடிவாகட்டும், பின்னர் எழுதலாம் என்பது இவர்கள் வாதம். இலங்கைப் பாடநூல் பணிசெயல் முறைமை என்கின்றது; தமிழகத்தார் இயங்குதளம், இயக்க முறைமை என்கின்றனர். எது சரி என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடைபெறுகின்றது. விவாதிப்போருட் கணினியின் மூடியைக் கழற்றியவர் எத்தனைபேர்? காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1936இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்பதை மேடைதோறும் கூறுவர். அவர் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானவர் என்பதையும், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே மறைந்துபோன இசைக்கருவியைக் கணிதங்கொண்டு மீட்க முயன்றவர் என்பதையும் அதே அழுத்தத்தோடு கூறுவதில்லை. பொருளை அறிந்தவர் சொல்லை ஆக்கினார். சொல்லை வைத்துக்கொண்டு பொருளுக்குக் காத்திருப்போர் அவர் பெயரைக் கூறும் உரிமையைப் பாதியே உடையவர்.

திரையிலுள்ள பொத்தான்களைத் தமிழாக்கினால் போதும் என்போருக்கும் இதுவே விடை. க்நோம், கேடிஈ முதலிய முகப்புகள் தன்னார்வலர் உழைப்பாற் பெருமளவு தமிழில் உள்ளன, அவ்வுழைப்பு போற்றுதற்குரியது. எனினும் அவை எல்லாம் நலமாயிருக்கும்போதே தமிழ் பேசுகின்றன. பழுது நேரும்போது பேசுவது கேர்னல். அது ஆங்கிலமே பேசும். அதனை மொழிபெயர்ப்பதும் வேண்டியதன்று. ஒரே செய்தி உலகெங்கும் ஒரே வடிவில் இருந்தாற்றான் ஒரு நாட்டார் கண்ட தீர்வு மற்றொரு நாட்டாருக்குப் பயன்படும். வேண்டியது மொழிபெயர்ப்பன்று, உரை. மூலத்தில் ஓரெழுத்தும் மாற்றாது, பதவுரையும் கருத்துரையும் விளக்கவுரையும் எழுதும் மரபு தமிழரிடம் ஆயிரம் ஆண்டுகளாக உண்டு. இளம்பூரணரையும் பரிமேலழகரையும் பாடமாகக் கற்கும் தமிழ்த்துறை மாணவரைவிட, கேர்னலின் ஒருவரிச் செய்திக்கு உரையெழுதத் தகுதியுடையார் எவர்? இச்செய்தி எப்போது எழும், எதனைச் சுட்டும், எதனைச் சுட்டாது, அடுத்துச் செய்ய வேண்டிய சோதனை யாது என நான்கு வாக்கியம் எழுதினாற் போதும். அவை எழுதப்படாமையாலேயே அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

நான்காவது மறுப்பே வலுவானது. பழைய கணினிகள் செல்வர் கழித்த குப்பை. அவற்றைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துமாறு ஏழை மாணவருக்குப் போதிப்பது அநீதிக்கு ஒத்தூதுவதாகும் என்பது அது. இதில் உண்மை உண்டு. நன்கொடை என்ற பெயரில் வந்திறங்கும் பெட்டிகளுட் பல ஈயமும் நச்சுப்பொருளும் நிறைந்த கழிவுகளே. மின்சாரத்தை விழுங்கும் சில பொறிகளை ஓய்வுபெறச் செய்வதே முறை. மென்பொருளுலகும் காத்திருப்பதில்லை, 2025இல் வெளியான டெபியன் 13 முப்பத்திரண்டு பிற் இன்ரெல் கணினிகளில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. ஆனால் இம்மறுப்பு எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதை ஆராய்க. கழிவு எது, பயன்படுவது எது என்று பிரித்தறிய வல்லவர் யார்? பழுதறியத் தெரிந்தவரே. அவரே வந்திறங்கும் பெட்டிகளைச் சோதித்து, "இவை ஐந்தும் வேண்டா, திருப்பியனுப்புக" என்று தலைநிமிர்ந்து சொல்ல வல்லவர். பழுதறியாதவர் கொடுத்ததை வாங்குவார், கெட்டதைப் பூட்டுவார், மீண்டும் கையேந்துவார். அநீதியை எதிர்ப்பதற்கு முதற்படி அதனை இனங்காணும் ஆற்றலாகும்.

செய்யத்தக்கது

வாவியில் மீன்பிடிப்போர் வலையின் ஒரு கண் அறுந்ததற்காக வலையைக் கரையில் எறிவதில்லை. கரையிலமர்ந்து, வலையைக் கண் கண்ணாக விரலாற் தடவி, அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிடுவர். அவர்களின் பிள்ளைகளே வந்தாறுமூலையிற் பல்கலைக்கழக மாணவராய் அமர்ந்திருக்கின்றனர். 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனம், சூழவுள்ள சமூகத்துக்குக் கடன்பட்டது. பட்டதாரிகள் ஊர் திரும்பும்போது சான்றிதழோடு பொறுமையாய்க் காரணந் தேடும் பழக்கத்தையும் கொண்டுசெல்வாராயின் அக்கடனில் ஒரு பகுதி தீரும்.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் கவியரங்கும் பட்டிமன்றமும் நடத்துகின்றன, அவை நடைபெறட்டும். அவற்றோடு, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பழுதைத் தாமே ஆராய்ந்து, கண்ட அறிகுறி, கொண்ட ஐயம், செய்த சோதனை, அடைந்த முடிபு ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். கட்டளைகள் உள்ளவாறே இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். சொல் முடிவாகாதவிடத்து மக்கள் வழங்கும் சொல்லையே வழங்கட்டும். தோல்வியில் முடிந்த சோதனைகளும் எழுதப்படட்டும். அவற்றைப் படிப்போர் அதே பாதையில் ஒரு நாளை இழக்கமாட்டார். உயர்தர வகுப்பில் மில்லின் முறைகளைக் கற்பிக்கும் ஆசிரியர், வழமையான உதாரணத்தை ஒருமுறை கைவிட்டு, பூட்டிய அறையின் திறப்பை வாங்கி, மாணவரை உள்ளே அழைத்துச் செல்லட்டும். வடத்தை மட்டும் மாற்றி விளக்கு எரிவதைக் கண்ட பிள்ளைக்கு வேற்றுமை முறையை மீண்டும் ஒருமுறை விளக்கவேண்டி வராது.

தமிழ் அறிவியல் மொழியாகவேண்டும் என்று முழங்குவோர் பலர். ஆகிவிட்டது என்று பெருமிதங் கொள்வோர் சிலர். ஒரு மொழி அறிவியல் மொழியாவது அதிற் புகழுரைகள் பெருகுவதால் அன்று. "ஏன் இது இயங்கவில்லை?" என்ற வினாவுக்கு அம்மொழியிலேயே விடை தேடி, தேடிய வழியையும் அம்மொழியிலேயே எழுதி வைப்போர் பெருகும்போதே அது அறிவியல் மொழியாகும். அவ்வினாவைக் கேட்கும் பொறுப்பைக் கொழும்பிலிருந்து வரும் ஆளிடம் ஒப்படைத்துவிட்டுக் கதவைப் பூட்டும் பட்டதாரி, கணினி அறையோடு தான் கற்ற கல்வியையும் உள்ளே வைத்தே பூட்டுகின்றார்.